பழைய ஏ.சி.யை மாற்றலாமா? வயதைக் கேட்காதீர்கள், மீட்டரைக் கேளுங்கள்

மார்ச் பிறந்துவிட்டால் நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரங்களில் ஏ.சி. வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குங்கள், கரண்ட் பில் பாதியாகும், மிச்சமாகும் பணமே மாதத் தவணையைக் கட்டிவிடும் என்கிறது கடை. சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கோ, இந்தக் காலத்து ஏ.சி. எதுவும் உழைக்காது, உங்கள் பழைய பெட்டி இரும்பு மாதிரி இருக்கிறது, கேஸ் அடித்து ஓட்டுங்கள் என்கிறார். இரண்டு அறிவுரையிலும் சொல்பவரின் பிழைப்பு கலந்திருக்கிறது. இவற்றைவிடப் பெரிய குறை, இரண்டுமே இயந்திரத்தைப் பற்றி மட்டும் பேசுகின்றன என்பது. ஒரே ஆண்டில் வாங்கிய, ஒரே மாடல் ஏ.சி.யை மாற்றுவது ஒரு வீட்டுக்கு லாபமாகவும் அடுத்த வீட்டுக்கு வீண் செலவாகவும் இருக்க முடியும். அதைத் தீர்மானிப்பது அந்த வீட்டில் ஏ.சி. ஆண்டுக்கு எத்தனை யூனிட் இழுக்கிறது, அந்த யூனிட்டுகளுக்கு அந்த வீடு என்ன விலை கொடுக்கிறது என்ற இரண்டு விஷயங்கள்தான். இந்த இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டில் கோடை இரவுகளில் மட்டும் ஏ.சி. போடும் பெரும்பாலான வீடுகள், ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஏ.சி.யைக் கரண்ட் மிச்சம் என்ற காரணத்துக்காக மாற்றத் தேவையில்லை என்பது என் வாதம். அதே கணக்கு, சில வீடுகள் இன்னும் மாற்றாமல் இருப்பதால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இழக்கின்றன என்பதையும் காட்டும்.

முதலில் நட்சத்திரங்கள். ஏ.சி.க்கு நட்சத்திரம் கொடுக்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், அதற்கான வரம்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயர்த்திக்கொண்டே வருகிறது. 2012இல் ஐந்து நட்சத்திரம் பெற ஒரு ஸ்பிளிட் ஏ.சி.யின் திறன் எண் 3.3 இருந்தால் போதும். அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.3 யூனிட் அளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றினால் போதும். 2018இல் கணக்கிடும் முறையே மாறி, பருவகாலச் சராசரித் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் கட்டாயமானது. ஐந்து நட்சத்திரத்துக்கு 4.5 என்று வைத்தார்கள். 2022 ஜூலையில் அது 5 ஆனது. 2026 தொடக்கத்தில் மீண்டும் ஏறியிருக்கிறது. இரண்டு முறைகளுக்கும் சிறு வேறுபாடு உண்டு என்றாலும், 2012இல் ஐந்து நட்சத்திரம் என்று பெருமையாக வாங்கிய ஏ.சி., 2022ஆம் ஆண்டு அட்டவணையில் ஒற்றை நட்சத்திரத்தின் அடிவாசலில் நிற்கும். ஆகவே எத்தனை நட்சத்திரம் என்ற கேள்விக்கு, எந்த ஆண்டின் நட்சத்திரம் என்று தெரியாமல் அர்த்தமில்லை. ஸ்டிக்கரில் சிறிய எழுத்தில் இருக்கும் திறன் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதே ஸ்டிக்கரில் ஆண்டு மின் செலவு என்று ஒரு யூனிட் கணக்கும் இருக்கும். அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஏ.சி. ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. ஏப்ரல் முதல் ஜூலை வரை இரவில் ஏழு, எட்டு மணி நேரம் போடும் வீட்டில் 1,000 மணி நேரத்தைத் தொடுவதே அபூர்வம். கடைக்காரர் காட்டும் மிச்சக் கணக்கு உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தாததற்கு முதல் காரணம் இது.

உங்கள் வீட்டு எண்ணை உங்கள் மின் கட்டண விவரமே சொல்லிவிடும். மின்வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் இணைப்பின் பழைய கணக்கெடுப்புகள் கிடைக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் ஏ.சி. போடாத இரண்டு மாத யூனிட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற ஐந்து பில்களிலும் அதற்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கூட்டிப் பார்த்தால், ஏ.சி. தின்ற யூனிட் ஏறக்குறையக் கிடைத்துவிடும். கோடையில் மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் கூடுதலாக இழுப்பதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அடுத்த படி, அதில் புதிய ஏ.சி. எவ்வளவை மிச்சப்படுத்தும் என்பது. பழையதன் திறன் எண் 2.9, புதியதன் எண் 5 என்றால், அதே குளிர்ச்சிக்குப் புதியது பழையதன் மின்சாரத்தில் 58 சதவீதத்தைத்தான் எடுக்கும். மிச்சம் 42 சதவீதம். பாதி என்ற விளம்பரம் பெரிய பொய் இல்லை. ஆனால் பாதியாவது ஏ.சி.யின் பங்கு மட்டுமே, மொத்த பில் அன்று. எதில் பாதி என்பதை விளம்பரம் விட்டுவிடுகிறது.

மிச்சமாகும் யூனிட்டுக்கு என்ன விலை போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி விலை எடுப்பது தவறு. தமிழ்நாட்டின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 400 முதல் 500 வரையிலான யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு, 500ஐத் தாண்டியதும் 8 ரூபாய் 55 காசு, 600ஐத் தாண்டினால் 9 ரூபாய் 65 காசு, 1,000த்துக்கு மேல் 11 ரூபாய் 80 காசு. விளக்கும் விசிறியும் ஏ.சி. இல்லாவிட்டாலும் ஓடும், ஆகவே ஏ.சி. இழுக்கும் யூனிட்டுகள்தான் உச்சிப் படியில் போய் உட்காருகின்றன. ஏ.சி.யில் மிச்சம் பிடித்தால் அந்த உச்சிப் படியின் விலைதான் மிச்சமாகும். 450 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கும் 1,200 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கும் ஒரே யூனிட்டின் மதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபடுகிறது.

மூன்று வீடுகளை வைத்துக் கணக்குப் போடுவோம். மூன்றிலும் ஒன்றரை டன் ஏ.சி., திறன் எண் 2.9. முதல் வீட்டில் ஏ.சி. ஆண்டுக்கு 600 யூனிட் இழுக்கிறது. பில் 500 யூனிட்டுக்குள் நிற்கிறது. இரண்டாம் வீட்டில் 1,500 யூனிட். கோடை பில் 600ஐத் தாண்டுகிறது. மூன்றாம் வீட்டில் முதியவர்கள் பகலிலும் ஏ.சி.யில் இருக்கிறார்கள்; அந்த ஒரு ஏ.சி. மட்டும் 2,500 யூனிட், பில் 1,000த்தைத் தாண்டுகிறது. எண் 5 உள்ள புதிய ஏ.சி. வாங்கினால் முதல் வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,600 ரூபாய், இரண்டாம் வீட்டுக்கு 6,100 ரூபாய், மூன்றாம் வீட்டுக்கு 12,400 ரூபாய் மிச்சம். ஏ.சி., பொருத்தும் கூலி, கூடுதல் செம்புக் குழாய், ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வீடு போட்ட பணத்தை எடுக்க 31 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தப் புதிய ஏ.சி. இரண்டு முறையாவது பழையதாகியிருக்கும். இரண்டாம் வீட்டுக்கு எட்டு ஆண்டு, மூன்றாம் வீட்டுக்கு நான்கு ஆண்டு. மூன்று வீட்டிலும் இயந்திரம் ஒன்றுதான், வயதும் ஒன்றுதான்.

இதை ஒரே அளவுகோலாகச் சுருக்கலாம். புதிய ஏ.சி.யை ஆண்டு வாடகைக்கு எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய் பத்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 5,000. அந்தப் பணம் வங்கியில் 7 சதவீத வட்டியில் கிடந்திருந்தால் வந்திருக்கும் வருமானத்தைச் சராசரியாகச் சேர்த்தால் இன்னொரு 1,750. ஆகப் புதிய ஏ.சி.யின் ஆண்டு வாடகை 6,750 ரூபாய். பழைய ஏ.சி. கூடுதலாகத் தின்னும் கரண்டும், அதற்குச் செய்யும் ரிப்பேரும் சேர்ந்து இந்தத் தொகையைத் தாண்டினால் மாற்றுங்கள், தாண்டாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் பழைய ஏ.சி.க்கு நீங்கள் முன்பு கொடுத்த விலைக்கு இடமில்லை, போன ஆண்டு செய்த ரிப்பேருக்கும் இடமில்லை. போன வருடம்தானே பத்தாயிரம் செலவு செய்தோம், இப்போது எப்படித் தூக்கிப்போடுவது என்று தயங்குவது இயல்பு. ஆனால் அந்தப் பணம் எந்த முடிவாலும் திரும்பாது. இனி ஆகும் செலவுதான் முடிவுக்கு வேண்டும்.

ரிப்பேர் வந்து நிற்கும்போது இந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற 15,000 ரூபாய் ஆகும், அதன்பின் இன்னும் மூன்று ஆண்டு ஓடும் என்று வைப்போம். ஆண்டுக்கு 5,000, வட்டியோடு 5,500. இரண்டாம் வீட்டில் இதோடு கூடுதல் கரண்ட் 6,100 சேர்ந்து 11,600 ஆகிறது, யோசிக்காமல் மாற்றலாம். முதல் வீட்டில் மொத்தம் 7,100. புதியதன் 6,750க்கு மிக அருகில். இங்கே விடை மூன்றாவது ஒன்றாக இருக்கிறது: திறன் எண் 3.9 உள்ள, 9,000 ரூபாய் குறைந்த ஏ.சி. இந்த வீட்டில் எண் 5க்கும் எண் 3.9க்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு 100 யூனிட்கூட வராது. பணத்தில் 630 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் 9,000 ரூபாயை எடுக்க 14 ஆண்டு ஆகும். அதே வேறுபாடு மூன்றாம் வீட்டில் ஆண்டுக்கு 4,800 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட்டது வந்துவிடும். எப்போதும் ஐந்து நட்சத்திரம்தான் வாங்க வேண்டும் என்ற பொது அறிவுரை, குறைவாகப் பயன்படுத்தும் குடும்பத்தைத் தேவையில்லாமல் செலவழிக்க வைக்கிறது. நான்காயிரம் ரூபாயில் கேஸ் கசிவை அடைத்து இரண்டு ஆண்டு ஓட்டலாம் என்ற சிறிய ரிப்பேர் வந்தால் முதல் வீடு தாராளமாகச் செய்யலாம். இரண்டாம் வீடு அதற்கும் தயங்க வேண்டும்.

கணக்கு சரியாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பிடும் பழைய ஏ.சி., பராமரிக்கப்பட்ட ஏ.சி.யாக இருக்க வேண்டும். காயிலில் தூசி அப்பி, அவுட்டோர் யூனிட் காற்றோட்டமில்லாத மூலையில் வெந்துகொண்டிருந்தால், அது தன் சொந்தத் திறனுக்கும் கீழேதான் ஓடும். அந்த நிலையில் புதியதை வைத்து ஒப்பிடும்போது தெரியும் மிச்சத்தில் ஒரு பகுதி, சில நூறு ரூபாய் சர்வீஸிலேயே கிடைத்திருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் படுக்கையறைகளில் இரவு பன்னிரண்டு மணிக்கும் கான்கிரீட் கூரை வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறது. கூரைக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் ஏ.சி.யின் சுமையே குறையும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு 26இல் வைப்பவருக்கும், 20இல் வைத்துப் போர்வைக்குள் படுப்பவருக்கும் இடையிலான செலவு வேறுபாடு, பழைய ஏ.சி.க்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாட்டை நெருங்கிவிடக்கூடியது. இவற்றைச் செய்தபின் மிஞ்சும் யூனிட்டை வைத்துத்தான் புதிய ஏ.சி.க்கான கணக்கைப் போட வேண்டும். அப்படிப் போட்டால் ஒன்றரை டன் தேவைப்பட்ட அறைக்கு ஒரு டன்னே போதும் என்றும் தெரியவரலாம்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, மின் கட்டணம் இன்றிருப்பது போலவே இருக்குமா என்பது. இருக்காது. 2022 செப்டம்பரில் பெரிய உயர்வும் அதன்பின் 2024 ஜூலை உயர்வும் நினைவிருக்கும். ஆண்டுதோறும் விலைவாசி ஏற்றத்தோடு சேர்த்து, அதிகபட்சம் 6 சதவீதத்துக்குள் கட்டணத்தை உயர்த்த ஒழுங்குமுறை ஆணையம் வழிசெய்திருக்கிறது. ஆனால் கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டாலும் முதல் வீட்டின் 1,600 ரூபாய் மிச்சம் பத்தாம் ஆண்டில் 2,500ஐத்தான் எட்டும். 6,750க்கு எங்கோ கீழே. உயர்வு முடிவை மாற்றுவது இரண்டாம் வீட்டுக்குத்தான். அங்கே 6,100 என்பது இரண்டு, மூன்று ஆண்டில் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே அந்த வீடு அடுத்த பெரிய ரிப்பேர் வரை காத்திருப்பதும், இப்போதே மாற்றுவதும் ஏறத்தாழச் சமம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது மறுப்பு சுற்றுச்சூழல் பற்றியது: பணக்கணக்கு மட்டும் போதுமா, பழைய ஏ.சி. பூமியைச் சூடாக்கவில்லையா? சூடாக்குகிறது. ஆனால் இங்கேயும் விடை பயன்பாட்டைப் பொறுத்தே இருக்கிறது. பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 வாயு ஓசோனை அரிப்பது. பூமியைச் சூடாக்கும் ஆற்றலில் கரியமில வாயுவைப்போல் 1,700 மடங்குக்கும் மேல். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக ஒழிக்கப்பட்டு வரும் வாயு அது. அந்த வாயு உள்ளே அடைபட்டிருக்கும் வரை ஆபத்தில்லை. பழைய இரும்புக் கடையில் குழாயை வெட்டும் நிமிடத்தில்தான் காற்றில் கலக்கிறது. ஆண்டுக்கு 250 யூனிட் மிச்சம் பிடிக்க ஏ.சி.யை அவசரமாகத் தூக்கிப்போட்டு, அதன் வாயுவை வானில் விடுவது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. அதேசமயம், கசிந்துகொண்டே இருக்கும் ஆர்-22 ஏ.சி.க்கு ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவதை நான் ஆதரிக்கவில்லை. கசிவை அடைக்க முடியாவிட்டால் அந்த ஏ.சி.க்கு விடை கொடுப்பதுதான் சரி. மலிவுக்காக அதில் தீப்பற்றக்கூடிய வேறு வாயுவை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அந்த இயந்திரம் அதற்காக வடிவமைக்கப்படவில்லை. மாற்றும்போதும், வாயுவை முறையாக உறிஞ்சி எடுத்த பின் மின்கழிவு மறுசுழற்சிக்கு அனுப்புபவர்களிடம் கொடுப்பது நம் பொறுப்பு.

மூன்றாவது, இன்னும் மனிதத்தன்மையுள்ள மறுப்பு: சத்தமில்லாமல் தூங்க வேண்டும், சீராகக் குளிர வேண்டும், இதற்கெல்லாம் மதிப்பில்லையா? நிச்சயமாக உண்டு. இன்வெர்ட்டர் ஏ.சி. அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்து மெல்ல ஓடுகிறது. பழையதைப்போல் கம்ப்ரஸர் தடதடவென்று நின்று நின்று கிளம்புவதில்லை. கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் அந்த நிம்மதிக்கு ஆண்டுக்கு ஐயாயிரம் கொடுப்பது தவறே இல்லை. வசதிக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால், எவ்வளவு கொடுக்கலாம் என்று நாமே எல்லை வைத்துக்கொள்வோம். மிச்சம் பிடிக்கிறோம் என்ற நினைப்பில் வாங்கினால் எல்லையே இல்லாமல் போகும். கடையில் பேரம் பேசும்போதும் இதே தெளிவு உதவும். எக்ஸ்சேஞ்ச் விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பழையதைக் கொடுக்காவிட்டால் கடைசி விலை என்ன என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் பழைய ஏ.சி.க்கு உண்மையில் கிடைக்கும் விலை. பத்து ஆண்டு வாரண்டி கம்ப்ரஸருக்கு மட்டுமா, சர்க்யூட் போர்டுக்கும் உண்டா என்பதும் முக்கியம். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது முதலில் அடிவாங்குவது அந்த போர்டுதான்.

இந்தக் கணக்குகளை ஒரு குடும்பத்தின் லாப நட்டமாக மட்டும் விட்டுவிட முடியாது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சத்தைச் சமாளிக்க மின்வாரியம் வெளிச்சந்தையில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது. ஏ.சி.கள் குறைவாக இழுத்தால் அந்த நட்டமும் குறையும். டெல்லியில் மின் விநியோக நிறுவனங்கள் பழைய ஏ.சி.யை வாங்கிக்கொண்டு, திறன் மிகுந்த புதியதைத் தள்ளுபடியில் கொடுக்கும் திட்டங்களைப் பல ஆண்டுகளாக நடத்துகின்றன. 2019இல் மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல்., திறன் எண் 5.4 கொண்ட ஒன்றரை டன் ஏ.சி.யை 41,300 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு மின்வாரியமும் இதைச் செய்யலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே தள்ளுபடி என்றால் பணம் வீணாகும். மூன்றாம் வீடு தள்ளுபடி இல்லாமலேயே மாற்றுவதில் லாபம் காண்கிறது. முதல் வீட்டுக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் மின்வாரியத்துக்குக் கிடைக்கும் மிச்சம் சொற்பம். எல்லைக் கோட்டில் நிற்கும் இரண்டாம் வீட்டுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் உதவி கிடைத்தால் முடிவு மாறும். எந்த வீடு எந்த வகை என்று கண்டுபிடிக்க மின்வாரியம் புதிதாக ஆய்வு நடத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு இணைப்பின் குளிர்கால, கோடைகால யூனிட் அதன் கையிலேயே இருக்கிறது. கோடை பில்லோடு, உங்கள் ஏ.சி. போன்ற கூடுதல் பயன்பாட்டுக்கு இந்த ஆண்டு இத்தனை யூனிட், அதற்கு இத்தனை ரூபாய் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினாலே, கடைக்காரரும் மெக்கானிக்கும் சொல்லும் கதைகளுக்கு எதிரே மக்களிடம் சொந்தமாக ஒரு எண் இருக்கும்.

அந்த வரி வரும்வரை நாமே கணக்குப் போட வேண்டியதுதான். மே மாதத்தில் ஏ.சி. படுத்துவிட்ட பிறகு போட்டால் பயனில்லை; புழுக்கத்தில் எந்த விலையும் நியாயமாகத் தெரியும். ஐப்பசி மழையில் ஏ.சி. ஓய்ந்திருக்கும்போது பழைய பில்களை எடுத்து, என் வீட்டில் எத்தனை ரூபாய் ரிப்பேர் வரை செய்யலாம், அதற்கு மேல் போனால் எந்த எண்ணுள்ள ஏ.சி. வாங்கலாம் என்று இரண்டு வரியில் எழுதி வைத்துவிடுங்கள். கோடையில் மெக்கானிக் தலையைச் சொறியும்போது உங்கள் பதில் தயாராக இருக்கும்.